பத்தொன்பதாவது எலக்ட்ரான்

நான்காம் படிவ வேதியியலில் எலக்ட்ரான் அமைப்பை 2, 8, 8 என்று மனனம் செய்தவர்கள்தாம் நாம். முதல் கூட்டில் 2, இரண்டாம் கூட்டில் 8, மூன்றாம் கூட்டில் 8. தேர்வுக்கு அது போதும். ஆனால் மூன்றாம் கூடு உண்மையில் 18 எலக்ட்ரான்களை ஏற்கும். அப்படியிருக்க, 19 எலக்ட்ரான்கள் கொண்ட பொட்டாசியம் (மலாய்ப் பாடநூலில் 'காலியம்') 2, 8, 9 என்று அமையாமல் 2, 8, 8, 1 என்று அமைவது ஏன்?

கூட்டுக்குள் உட்கூடு

கூடு என்பது ஒரே அறையன்று. அதனுள் எஸ், பி, டி என்று உட்கூடுகள் உண்டு. அவற்றில் முறையே 2, 6, 10 எலக்ட்ரான்கள் இடம்பெறும். மூன்றாம் கூட்டில் இம்மூன்றும் இருப்பதால் 18 என்ற கணக்கு வருகிறது. ஆனால் எலக்ட்ரான்கள் கூட்டின் எண்ணைப் பார்த்து அமர்வதில்லை. ஆற்றல் குறைந்த இடத்தைப் பார்த்தே அமர்கின்றன.

தோட்டத்து லயங்களை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் லயத்தின் கடைசி வீடுகள் மேட்டில் இருக்கின்றன. நான்காம் லயத்தின் முதல் வீடு சமதரையில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமப்பவர் எந்த வீட்டை முதலில் கேட்பார்? நான்காம் கூட்டின் எஸ் எலக்ட்ரான் அணுக்கருவுக்கு மிக அருகிலும் ஊடுருவி வருவதால், கரு அதனைக் கூடுதலாக ஈர்க்கிறது. ஆகவே 19ஆவது எலக்ட்ரானுக்கு அதுவே சமதரை வீடு. கால்சியத்தின் 20ஆவது எலக்ட்ரானும் அங்கேயே அமர்கிறது. ஸ்காண்டியத்தில்தான் மூன்றாம் கூடு மீண்டும் நிரம்பத் தொடங்குகிறது: 2, 8, 9, 2.

மூட்டைக்குள் வந்த கதை

வெளிக்கூட்டில் தனித்திருக்கும் அந்த ஓர் எலக்ட்ரானைப் பொட்டாசியம் எளிதில் இழந்துவிடும். 1807இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தெடுத்த இவ்வுலோகம் தண்ணீர் பட்டாலே ஊதா நிறச் சுவாலையுடன் எரியும். குளோரினோ 2, 8, 7. அதற்கு ஓர் எலக்ட்ரான் குறைகிறது. ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, இரண்டும் 2, 8, 8 என்று அமைதி அடைகின்றன. அவ்வாறு உண்டான பொட்டாசியம் குளோரைடுதான் தோட்டத்தில் நாம் பொட்டாஷ் என்று சொல்லும் உரம்.

ஈஜோக் அமைந்துள்ள கோல சிலாங்கூர் மாவட்டத்துக்கும் செம்பனைக்கும் நீண்ட உறவு உண்டு. இம்மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகொன்னியே நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். செம்பனை மண்ணிலிருந்து மிகுதியாக எடுக்கும் சத்து பொட்டாசியமே. அது குறைந்தால் கீழ்மட்டைகளின் இலைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும். ஒவ்வொரு குலையும் லாரி ஏறும்போது அச்சத்தில் ஒரு பங்கு தோட்டத்தை விட்டுப் போகிறது.

மற்றொரு பங்கை மழை கொண்டுபோகிறது. ஓர் எலக்ட்ரானை மட்டுமே இழந்த பொட்டாசியத்தின் மின்னேற்றம் ஒன்றுதான். இரண்டை இழந்த கால்சியத்தைப் பற்றுவதுபோல் நம் மண் அதனை இறுகப் பற்றுவதில்லை. எனவேதான் பொட்டாஷை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடுகிறார்கள். பழம் உதிர்த்த வெற்றுக்குலைகளை ஆலையிலிருந்து திரும்பக் கொண்டுவந்து தோட்டத்தில் பரப்புவதும் அவற்றில் தங்கியிருக்கும் பொட்டாசியத்தை மண்ணுக்கே கொடுக்கத்தான்.

ஈஜோக் வட்டாரத் தோட்டத்தில் பல ஆண்டுகள் வாளி சுமந்து உரம் போட்டவர் என் அம்மா. "போன தடவ போட்ட உரமெல்லாம் எங்கடா போச்சு?" என்று ஒருமுறை கேட்டார். வெளிக்கூடு, மின்னேற்றம், மழை என்று தமிழிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப மழைக்கு முன்னால போட்டது வீண்தான்" என்றார். மண்டோர் சொல்லியும் அவருக்கு விளங்காத காரணம் அன்று விளங்கியது.

நண்பர்களே, விரிவுரை மண்டபத்தில் கற்றதை உரம் சுமந்தவருக்கு அவர் மொழியில் சொல்லிப் பாருங்கள். கற்றது நமக்கே அப்போதுதான் தெளிவாகும்.