நடமாடும் வீட்டுக்கு நகரத்தில் எந்த வழி?

பள்ளி விடுமுறை வந்தால் போதும், மோட்டார் ஹோம் எனப்படும் நடமாடும் வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பும் ஆசை நம்மவர்களிடையேயும் வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் கூடவே வருகின்றன. தங்கும் விடுதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால், எங்கே போவது என்று மணிக்கணக்கில் பேசும் குடும்பங்கள், எந்த வழியாகப் போவது என்பதை மட்டும் கைப்பேசியிடம் விட்டுவிடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பலரும் பயன்படுத்தும் வழிகாட்டிச் செயலிகள் காருக்கு ஏற்ற வழியைத்தான் சொல்கின்றன. 'உங்கள் வாகனம் எவ்வளவு உயரம்?' என்று அவை கேட்பதில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலேயே படுக்கை அமைந்த மோட்டார் ஹோம் மூன்று மீட்டர் உயரம் வரும். கோலாலம்பூரில் 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கப்பாதை கார் போன்ற இலகு வாகனங்களுக்கானது. அதன் வாசல் வரை போய்விட்டுப் பின்னால் வரும் வாகனங்களின் ஹார்ன் சத்தத்தில் தவிப்பதைவிட, புறப்படும் முன்பே அந்த வழியை விலக்கிவிடுவது நல்லது. பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டி, கூரை மேல் கட்டிய சாமான் எல்லாவற்றையும் சேர்த்து உயரத்தை அளந்து, ஓட்டுநரின் கண்ணில் படும்படி ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். சின்ன வேலைதான், கூரையைக் காப்பாற்றும்.

ஈப்போவிலிருந்து மலாக்காவுக்குப் புறப்படும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கை பூலோவைத் தாண்டியதும் புக்கிட் லஞ்சான் வருகிறது. அங்கே பாதை பிரிகிறது. ஜாலான் டூத்தா பக்கம் போனால் தலைநகருக்குள் நுழைந்து, நகரச் சாலைகளைக் கடந்து, சுங்கை பீசியில்தான் மீண்டும் தெற்கு நோக்கிய நெடுஞ்சாலையைப் பிடிக்க முடியும். ஷா ஆலம் பக்கம் திரும்பினால் டாமன்சாரா, சுபாங் வழியாகப் போய், அங்கிருந்து எலைட் நெடுஞ்சாலையில் இறங்கி, நீலாய் அருகே மறுபடியும் தெற்கு நெடுஞ்சாலையில் சேரலாம். வரைபடத்தில் இது சுற்றுவழியாகத் தெரியும். மூன்று டன் வீட்டை ஓட்டிச் செல்பவருக்கு இதுவே நேர்வழி. சமிக்ஞை விளக்கு இல்லை, குறுகிய திருப்பம் இல்லை.

அந்தப் பகுதியை எந்த நேரத்தில் கடப்பது? இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். புறப்படும் நேரத்தை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஈப்போவிலிருந்து சுங்கை பூலோ ஏறத்தாழ 190 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய், தாப்பா ஓய்விடத்தில் அரைமணி நேரம் நின்றால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் குடும்பம் பன்னிரண்டரைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நுழைந்து, இரண்டு மணிக்குள் வெளியேறிவிடலாம். 'விடியற்காலையிலேயே புறப்படலாம்' என்று நான்கரைக்குக் கிளம்பினால், வேலைக்குச் செல்லும் கூட்டத்தின் நடுவில் போய் மாட்டிக்கொள்வார்கள். அதிகாலைப் பயணம் எப்போதும் நல்லது என்ற நம் பெரியவர்களின் கணக்கு இங்கே எடுபடாது. பெருநாளுக்கு முந்தைய நாளில் எந்தக் கணக்கும் எடுபடாது என்பது வேறு கதை. தைப்பூச நேரத்தில் பத்துமலையை ஒட்டிய எம்.ஆர்.ஆர்.2 சாலையை நினைத்தும் பார்க்கக் கூடாது.

நெடுஞ்சாலையில் இடது ஓரமாகப் போவதே வழக்கம். நகரப் பகுதியில் அந்த இடது தடம் பல இடங்களில் திடீரென்று வெளியேறும் தடமாக மாறிவிடும். முன்னிருக்கையில் இருப்பவர், அடுத்து வரும் சந்திப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படியும் திருப்பத்தைத் தவறவிட்டால், விட்டது விட்டதுதான். அடுத்த வெளிவழியில் இறங்கித் திரும்பினால் சில வெள்ளி கூடுதலாகப் போகும். கடைசி நொடியில் குறுக்கே வெட்டினால், பக்கவாட்டில் கண்ணாடிக்குத் தெரியாமல் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிர் போகும்.

மாற்றுவழி ஒன்றும் கையில் இருக்க வேண்டும். 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் பாறைகள் சரிந்து விழுந்து, அந்தப் பகுதி சுமார் ஆறு மாதங்கள் மூடப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இன்று ரவாங் பக்கமிருந்து புக்கிட் ஜெலுத்தோங்கிற்குப் போகும் குத்ரி நெடுஞ்சாலை இருக்கிறது. டோல் கட்டணத்திலும் ஒரு விஷயம் உண்டு. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் இருந்தால், அதாவது இரண்டு அச்சும் ஆறு சக்கரமும் இருந்தால், அது இரண்டாம் வகுப்பு வாகனம். காருக்கான தொகையை மனத்தில் வைத்து டச் அண்ட் கோ அட்டையில் பணம் போட்டால் போதாது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், பின்னால் பாட்டி எழுந்து தேநீர் கலக்கிக்கொண்டிருந்தால் பயனில்லை. வீடு போல இருப்பதால் இது வீடு என்றே எல்லாருக்கும் தோன்றிவிடுகிறது. பின்னிருக்கையில் இருப்பவர்களும் பாதுகாப்பு வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 முதல் நடப்பில் உள்ளது. பிள்ளைகள் மேல் படுக்கையில் விளையாடும்போது, முன்னே போகும் லாரி திடீரென்று நின்றால் என்ன ஆகும்? அதனால் அடுப்பின் எரிவாயு வால்வை மூடி, பாத்திரங்களை அலமாரியில் பூட்டி, எல்லாரும் வார் அணிந்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். தேநீரைத் தாப்பாவில் குடித்துக்கொள்ளலாம்.