ஒட்டுச் சித்திரமும் ஆயர் பணியும்

ஆறுதல் கூறுதல் என்றவுடன் நாம் சொற்களையே நாடுகிறோம். திருமறைப் பகுதியொன்றை வாசித்து மன்றாடியபின் நம் பணி முடிந்தது என எண்ணுகிறோம். மன்றாடவும் சொல் எழாத துயரத்தில் இருப்போருக்கு நாம் அளிப்பது யாது?

மேரி டெலனி அம்மையாரின் வாழ்க்கை இங்கு நோக்கத்தக்கது. 1700-இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், அயர்லாந்துத் திருச்சபையின் குருவாகிய பாட்ரிக் டெலனியின் மனைவி. 1768-இல் கணவர் மறைந்தார். 1772-இல், தமது 72ஆம் வயதில், சிவப்புத் தாளொன்றை ஜெரேனியம் மலரின் இதழ்போல வெட்டினார். பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ ஆயிரம் மலர்ச் சித்திரங்களாகப் பெருகியது. கறுப்புத் தாளின்மேல் நுண்ணிய வண்ணத் துணுக்குகளை ஒட்டினார், நீர்வண்ணமும் தீட்டினார், சிலவற்றில் உண்மையான இலையையே பதித்தார். முன்பு இன்பம் தந்த வேலைகள் கணவரை இழந்தபின் சுவையற்றுப் போயின என்றும், அவ்விடத்தை நிரப்பவே இதனை மேற்கொண்டதாகவும் அவரே எழுதியுள்ளார்.

செடியை எதிரில் வைத்துக்கொண்டு காம்பையும் நரம்பையும் மகரந்தத் தாளையும் உற்று நோக்கினாலன்றி இவ்வேலை நடவாது. துயரமோ தன்னையே நோக்கும் இயல்புடையது. 1782-இல் கண்ணொளி மங்கியதால் அம்மையார் இதனை நிறுத்தினார். அச்சித்திரங்கள் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இது வெறும் பொழுதுபோக்கு என்போர் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைப் பார்ப்பார்களாக. பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது பிரசங்கிப்பதற்கன்று. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும், கல்லிலும் மரத்திலும் வேலை செய்வதற்கே. பெண்களின் முகம்பார்க்கும் கண்ணாடிகளே கூடாரத்தின் தொட்டியாயின (38:8). விக்கிரகத்தை விலக்கும் 20ஆம் அதிகாரமும் இதே நூலில்தான் உள்ளது. விக்கிரகத்திற்கு அஞ்சிய நம் முன்னோர் கைத்தொழிலுக்கும் சேர்த்தே அஞ்சிவிட்டனரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

1938-இல் காசநோய் மருத்துவமனையில் கிடந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், தாம் வரைந்து தேறியதோடு பிற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942-இல் 'கலைவழிச் சிகிச்சை' என்னும் பெயரை வழங்கினார். எனினும் ஓவியம் நுரையீரலை ஆற்றாது. அதற்கு மருந்து வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்து சபையாருக்கு வாக்குறுதி அளிப்பது தவறு.

செலவும் பெரிதன்று. பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள், இறந்தவருடைய சேலையின் ஒரு துண்டு, உலர்ந்த இலைகள், மைதாப் பசை ஆகியவை போதும். முடிந்தபின் 'இதன் பொருள் என்ன?' என்று ஆயர் வினவாதிருப்பது நலம். அவரே சொல்ல முன்வரும்வரை உடன் அமர்ந்து தாளை வெட்டிக் கொடுக்கலாம்.