கத்தரிக்கோலால் கணக்கு முடியாது

கிராமத்தில் கடனை அடைத்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்ட இடத்தைக் கிழித்த பிறகுதான் வீட்டுக்கு நடப்பார். கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டி முடித்த அன்று பலர் கார்டைக் கத்தரிக்கோலால் நறுக்குவதும் அதே பழக்கத்தில்தான். ஆனால் புரோநோட்டு கிழிந்தால் கடனுக்கு ஆதாரம் போயிற்று. கார்டு துண்டானால் ஒன்றும் போவதில்லை. கணக்கு வங்கியில் உயிரோடு இருக்கும். ஆண்டுக் கட்டணம் ஏறும், அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம் சேரும், கடைசியில் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் ‘பாக்கி’ என்று வந்து நிற்கும்.

பல கார்டுகளின் பாக்கியை ஒரே பர்சனல் லோனிலோ நகைக் கடனிலோ அடைத்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி இது: காலியான கார்டுகளை மூடுவதா, வைத்துக்கொள்வதா? மூடினால் சிபில் ஸ்கோர் விழும் என்பார் ஒருவர். வைத்திருந்தால் மறுபடி தேய்ப்பாய் என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டின் எடையும் ஒன்றல்ல.

கடன் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று கார்டுகளில் சேர்த்து 1,80,000 ரூபாய் பாக்கி. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 6,300 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,134 ரூபாய். ஆக, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மாதம் 7,434 ரூபாய் போகிறது. அதே தொகையை 14 சதவீத ஆண்டு வட்டியில் மூன்று வருட பர்சனல் லோனாக மாற்றினால் இ.எம்.ஐ. சுமார் 6,150 ரூபாய். அங்கே வட்டிக்கே போதாத பணம் இங்கே அசலையும் சேர்த்து அடைக்கிறது.

கார்டு வட்டி இனி குறையும் என்று காத்திருப்பதும் வீண். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எனவே கடனை மாற்றியது நல்ல முடிவு. ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. மூன்று கார்டும் காலி, லிமிட் முழுதாகத் திறந்திருக்கிறது. ஒரு கல்யாணச் செலவு, ஒரு பண்டிகைத் தள்ளுபடி போதும். பர்சனல் லோன் தவணையும் ஓடும், கார்டு பாக்கியும் வளரும். ஒரு கடனை அடைக்க வாங்கிய கடன் இரண்டாவது கடனாகிவிடும்.

ஸ்கோர் எவ்வளவு அடிபடும்?

300 முதல் 900 வரையிலான சிபில் ஸ்கோரில் பலவற்றுக்கும் பங்குண்டு. தவணையை நாள் தவறாமல் கட்டுவதுதான் அவற்றில் முக்கியம். கார்டை மூடுவது பாதிப்பது வேறொன்றை: மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற விகிதத்தை.

மூன்று கார்டுகளின் லிமிட் 1,00,000, 80,000, 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் செலவு 24,000 என்றால் பயன்பாடு 10 சதவீதம். 60,000 லிமிட் கார்டை மட்டும் வைத்து மற்றதை மூடினால் அதே செலவு 40 சதவீதமாகிவிடும். ஒரு லட்ச ரூபாய் கார்டை வைத்துக்கொண்டால் 24 சதவீதம். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கைக்கணக்கு.

மூடிய கார்டின் பழைய வரலாறு அன்றே அழிந்துவிடுவதும் இல்லை. ‘மூடப்பட்டது’ என்ற குறிப்போடு அறிக்கையில் நீடிக்கும். ஸ்கோர் சற்று இறங்கினாலும் ஒழுங்காகத் தவணை கட்டக் கட்ட ஏறிவிடும். மறுபடி ஏறிய கடன் அப்படி இறங்காது. அடுத்த சில மாதங்களில் வீட்டுக் கடன் கேட்கப் போகிறவர்கள் மட்டும், அது கைக்கு வரும்வரை மூடுவதைத் தள்ளிப்போடலாம்.

எதை வைப்பது, எதை மூடுவது?

ஆண்டுக் கட்டணம் இல்லாத, பழைய, லிமிட் அதிகமுள்ள ஒரு கார்டை வைத்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் போன்ற ஒரே ஒரு செலவை அதில் போட்டு முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தேவையில்லாத நேரத்தில் ஆன்லைன் பயன்பாட்டையும் செயலியிலேயே அணைத்து வைக்கலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் வங்கி லிமிட்டை உயர்த்தக் கூடாது.

கட்டணம் உள்ளவற்றை மூடுங்கள். கையைக் கட்டுப்படுத்த முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால், ஸ்கோரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மூடுங்கள்.

மூடுவதற்கு முன்

• கடைசி பில்லைக் கட்டியதோடு நின்றுவிடாதீர்கள். பில் தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில்தான் வரும். அதையும் கட்டுங்கள்.

• கார்டில் இ.எம்.ஐ. ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும்.

• ஓ.டி.டி. சந்தா, காப்பீட்டுப் பிரீமியம் போன்ற தானியங்கிப் பிடித்தங்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். ரிவார்டு பாயின்ட்டுகளைப் பயன்படுத்திவிடுங்கள்.

• ‘பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்ற செட்டில்மென்ட் பேச்சில் விழாதீர்கள். முழுதாகக் கட்டி மூடுவதும் செட்டில்மென்ட்டில் முடிப்பதும் அறிக்கையில் வேறு வேறாகப் பதிவாகும். இரண்டாவது, அடுத்த கடனுக்குத் தடைக்கல்.

விதி உங்கள் பக்கம்

‘ஏன் சார் மூடுறீங்க, கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம்’ என்று கஸ்டமர் கேரில் இழுத்தடிப்பது பலருக்கும் அனுபவம். இதற்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் தெளிவான விதி வகுத்தது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தொலைபேசி, மின்னஞ்சல், இணையதளம், செயலி என்று பல வழிகளில் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும்; ‘தபாலில் அனுப்புங்கள்’ என்று கட்டாயப்படுத்தக் கூடாது. மூடியதும் உடனே தகவல் தர வேண்டும். கணக்கில் உங்கள் பணம் மிச்சமிருந்தால் அதை உங்கள் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும்.

ஒரு வருடத்துக்கு மேல் தொடாத கார்டை, முன்னறிவிப்பு கொடுத்து, 30 நாட்களில் பதில் வராவிட்டால் வங்கியே மூடலாம். வைத்துக்கொள்ள விரும்பும் கார்டை எப்போதாவது பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

மூடச் சொன்ன தேதியும், மூடாவிட்டால் வங்கியில் கொடுத்த புகாரின் எண்ணும் எழுத்தில் இருக்கட்டும். புகாருக்கு வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

ஓரிரு மாதம் கழித்து கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடிய கார்டு இன்னும் திறந்தே காட்டினால் திருத்தம் கேளுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை என்று வங்கி தரும் கடிதம்தான் இந்தக் காலத்தில் திரும்பி வரும் புரோநோட்டு. ஆனால் இதைக் கிழிக்கக் கூடாது. பத்திரமாக வைக்க வேண்டும். கத்தரிக்கோலை அதன் பிறகு எடுங்கள்.