ஆடாத மரக்குதிரை

தறிச்சட்டம் பழுதுபார்ப்பினும் மேழி இழைப்பினும் மரத்தைத் தாங்க இரண்டு மரக்குதிரைகள் வேண்டும். உரல்மேல் வைத்து அறுப்போர் காலை வாளுக்கு ஈடு வைக்கின்றனர். காவலூர் போன்ற சவ்வாது மலையூர்களில் முற்றம் சமதரையாயிருப்பது அரிது. அவ்வூரில் 1968 முதல் வானை நோக்கும் தொலைநோக்கிகளுக்கும் ஆடாத பீடமன்றோ முதல் தேவை!

குதிரையின் உயரம் முழங்காலளவு, ஏறத்தாழ 55 சென்டிமீட்டர், போதும். பலகையை முழங்காலால் அழுத்தி அறுக்கலாம். கால்கள் நான்குக்கு ஒன்றாக வெளிச்சாய்தல் வேண்டும். மேற்சட்டத்தில் காடி வெட்டிக் காலைப் பொருத்தினால் பாரம் மரத்தின்மேல் இறங்கும். ஆணியே தாங்குமாயின் விரைவில் தளரும். பச்சை மரம் உலருங்கால் சுருங்கிக் காடியை நெகிழ்க்குமாதலின் உலர்ந்த மரமே கொள்க.

பின்னர்ச் சமதரையில் நிறுத்தி, ஆடும் காலுக்கு ஆப்பிட்டு, ஒரே கட்டையை நான்கு கால்களின் அருகிலும் வைத்துக் கோடிட்டு அறுக்க. மண்தரையில் அப்போதும் ஆடினால், ஒரு முனையில் ஒற்றைக்கால் அமைந்த முக்காற்குதிரை செய்க. அது மேடுபள்ளத்திலும் ஆடாது. பாரத்தை மட்டும் இருகால் பக்கமே ஏற்றுக.