பாதி உரித்தால் பிழைக்கும், முழுதாய் உரித்தால் சாகும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கும் தொல்லை உண்டு. புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ‘பைஜியம்’ என்ற பெயரில் ஐரோப்பாவில் இதற்கு விற்கும் மாத்திரை, ஆப்பிரிக்க மலைக்காட்டு மரம் ஒன்றின் பட்டைச் சாற்றில் செய்வது. அந்த மரம்தான் ஆப்பிரிக்கச் செர்ரி. தாவரவியல் பெயர் புருனஸ் ஆப்பிரிக்கானா.

பாதாமுக்கும் பீச்சுக்கும் இது உறவு. இலையைக் கசக்கினால் பாதாம் வாசம் வரும். கேமரூன், எத்தியோப்பியா, கென்யா, மடகாஸ்கர் எனப் பல நாடுகளின் குளிர்ந்த மலைகளில் ஓங்கி வளர்கிறது. கசக்கும் சிறு பழங்களைக் குரங்கும் பறவையும் தின்று விதை பரப்புகின்றன.

மலைமக்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இதன் பட்டையை வெகுகாலமாகவே கொடுத்து வந்தார்கள். 1966இல் பிரான்சில் பட்டைச் சாற்றுக்குக் காப்புரிமை பதிவானதும் கதை மாறியது. சாறு ஓரளவு பலன் தருகிறது என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தில் முடிந்தவை. சந்தையோ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மூட்டை மூட்டையாகப் பட்டை கப்பலேறியது.

இத்தனைக்கும் இந்த மரம் அரிய பொறுமைசாலி. அடிமரம் முப்பது சென்டிமீட்டர் தடித்த பிறகு, சுற்றளவில் கால் பங்கு அகலத்துக்கு, எதிரெதிரே இரண்டு பட்டைகளை மட்டும் உரித்தால் காயம் ஆறிப் புதுப்பட்டை மூடிவிடும். சில ஆண்டுகள் விட்டு மறுபக்கங்களில் உரிக்கலாம். சுற்றிலும் உரித்துவிட்டால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை; மரம் நின்றபடியே பட்டுப்போகும். கேமரூனில் அப்படிச் செத்தவை ஏராளம். உச்சிவரை பட்டை எடுப்பதற்காக வெட்டியே சாய்த்தவர்களும் உண்டு. 1995இல் இந்த மரத்தின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

காட்டைக் காவல் காப்பது மட்டும் போதாது, மரம் வயலுக்கு வரவேண்டும் என்பதே என் எண்ணம். கேமரூன், கென்ய உழவர்கள் சிலர் ஏற்கெனவே வரப்போரம் நட்டு வளர்க்கிறார்கள். விதையை நன்றாகக் காயவைத்துச் சேமிக்க முடியாது, முளைப்புத்திறன் போய்விடும். பழம் பழுத்த சூட்டோடு விதைக்க வேண்டும். பட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அதுவரை அது சும்மா நிற்பதில்லை. காற்றைத் தடுக்கும், உதிர்ந்த இலை மண்ணுக்கு மூடாக்காகும், பூவுக்குத் தேனீ வரும், கழித்த கிளை அடுப்புக்கும், கெட்டியான கட்டை மண்வெட்டிக் காம்புக்கும் ஆகும்.