பழைய வட்டில் எஞ்சும் தரவு

கணினியில் ஒரு கோப்பை நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டால் அது ஒழிந்துவிட்டது என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் வன்வட்டில் அப்போது பெரும்பாலும் மாறுவது, அக்கோப்பு எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணைக் குறிப்பு மட்டுமே. அதன்மேல் வேறு தரவு எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். விரைவு ஃபார்மேட்டும் இதற்கு விதிவிலக்கன்று.

வட்டின் கொள்ளளவு பெருகப் பெருக இந்த இடரும் பெருகியது. 1956இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் வட்டகம், 50 தட்டுகள் இருந்தும் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. இடம் அருமையாக இருந்த அக்காலத்தில் பழைய தரவின்மேல் புதியது ஏறிவிடும் வாய்ப்பு மிகுதி. டெராபைட் கணக்கில் இடம் கிடைக்கும் இன்றோ, நீக்கிய கோப்பு ஆண்டுக்கணக்கில் தீண்டப்படாமல் இருக்கக்கூடும். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் பழைய பொருள்களின் சந்தையில் 158 வட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, இயங்கிய 129 வட்டுகளில் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே; மற்றவற்றில் கடன் அட்டை எண்கள் வரை கிடைத்தன.

வன்வட்டு இருப்பது கணினியில் மட்டுமன்று. அலுவலக வலையமைப்பில் இணையும் பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் வன்வட்டு உண்டு. நகலெடுத்த ஆவணங்களின் படிமம் அதில் தங்கக்கூடும். வாடகை முடிந்து திருப்பி அனுப்பிய இத்தகைய இயந்திரங்களின் வட்டுகளைத் துடைக்காமல் விட்டதற்காக, அமெரிக்காவின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2013இல் 12 லட்சம் டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது.

தீர்வு, வட்டின் வகையைப் பொறுத்தது. சுழலும் வன்வட்டு முழுவதையும் ஒருமுறை மேலெழுதினால் பெரும்பாலும் போதும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டு, சில்லுகள் சீராகத் தேயும்பொருட்டு எழுதும் தரவைத் தானே வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வதால், அதற்கு மேலெழுதுதல் நம்பத்தக்கதன்று. தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கட்டளையே ஏற்றது. இவ்விரண்டையும்விட, வாங்கிய நாளிலேயே முழு வட்டையும் மறையாக்கம் செய்துவிடுவது, அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றிவிடுவது, சிறந்த வழி. இயங்காத வட்டை உடைத்துவிடுவதே முறை.

பிறரிடம் உள்ள வட்டிலிருந்து நம் தகவல் கசிந்தால் சட்டம் துணைநிற்கிறது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஏ பிரிவு, வங்கி விவரம், மருத்துவப் பதிவு போன்ற அந்தரங்கமான தரவைத் தக்க பாதுகாப்பின்றி அலட்சியமாக வைத்து இழப்பு விளைவிக்கும் நிறுவனத்தை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குகிறது. தனிநபர் நடத்தும் கடையும் இதில் அடங்கும் என்பது பலர் அறியாதது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையைத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம், அதாவது மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம், முன்வைக்கலாம். தரவைக் கொண்டு பணம் திருடப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும்.

பழைய கணினியை விற்பவர் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை; வட்டில்லாக் கணினியையும் வாங்க ஆள் உண்டு.