மாரிகுப்பம்: பயணியும் தூசியும்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கங்களின் கழிவு, இப்பகுதியில் குன்றுகளைப் போல் குவிந்து கிடக்கிறது. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய பாறைத்தூளே அது.

பொன்னைக் கரைக்கச் சயனைடு பயன்பட்டதால் வெளியூரார் அந்நஞ்சுக்கே அஞ்சுவர். ஆயின் சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும், சிலிக்கா சிதைவதில்லை. அதன் நுண்துகள்களை நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பேறிச் சிலிக்கோசிஸ் நோய் உண்டாகும். அதனை முற்றிலும் குணப்படுத்த இயலாது. காசநோய்க்கும் அது வழிகோலும்.

ஓரிரு நாள் தங்கும் பயணிக்கு அபாயம் குறைவு. காற்று வீசுங்கால் மேடுகளில் ஏறாமலும், கைவிடப்பட்ட சுரங்க வாய்களை நெருங்காமலும் இருந்தால் போதும். அங்கேயே வாழ்வோருக்கு அது போதாது. மேடுகளில் செடிகொடி வளர்த்துத் தூசியைத் தடுத்தலும், முன்னாள் தொழிலாளர்களுக்குக் காலமுறை மார்புப் பரிசோதனை செய்தலும் இன்றியமையாதவை. சுரங்கத்தை மூடியதோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை.